தூக்கிய கால் தயங்கும் கதை

மிருகங்களுக்கும் மனுசர்களுக்கும் பேச்சு பொதுவாக இருந்த அந்தக் காலத்தில், சயாம் தேசத்தின் பெரிய ஆற்றங்கரையில் ஒரு சுவடிக்கூடம் இருந்தது. கறையானுக்குப் பயந்து அதைத் தண்ணீருக்குள் தேக்குத் தூண் நட்டு, தூணின்மேல் கட்டியிருந்தார்கள். கரையிலிருந்து உள்ளே போக ஒற்றைப் பலகைப் பாலம் ஒன்றுதான் வழி. உள்ளே எத்தனையோ சுவடிகள் இருந்தன. ஆனால் காவல் போட்டுக் காத்தது ஒன்றே ஒன்றைத்தான். அதுதான் போர்ப் புத்தகம்.

கோய் என்று ஒரு மரம். அதன் பட்டையை ஊறவைத்து, அவித்து, அடித்து, கூழாக்கி, பாய் நீளத்துக்குத் தாளாக்கி, விசிறி மாதிரி மடித்துச் செய்த புத்தகம் அது. கரியும் கஞ்சியும் கலந்து இரண்டு பக்கமும் கறுப்புப் பூசியிருந்தார்கள். அதன்மேல் மாக்கல் குச்சியால் வெள்ளையாக எழுத வேண்டும். நம் ஊர் சிலேட்டு போலத்தான். ஈரம் பட்டால் எழுத்து போய்விடும்.

அந்தப் புத்தகத்தில் இருந்த வியூகம் எதையும் மனுசன் யோசித்து எழுதவில்லை. மிருகங்களே வந்து சொல்லிப்போனவை. யானை வந்தபோது பாலம் தாங்காது என்று தண்ணீரிலேயே நின்று, ஜன்னல் வழியாகத் துதிக்கையை நீட்டிச் சொன்னது. பருந்து வந்து இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பறந்தது. நண்டு சொல்லி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. சொல்ல வந்ததை விட்டு அது பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இருந்ததுதான் காரணம்.

இத்தனையையும் கேட்டு எழுதியவள் யிம் என்கிற எழுத்துக்காரி. முப்பத்தெட்டு வயசு. நகக்கண்ணெல்லாம் மாக்கல் வெள்ளை. பழைய வளைந்த எழுத்தை வாசிக்கவும் எழுதவும் அந்த ஆற்றோரத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. விசிறி மடிப்புப் புத்தகத்தில் அடுத்த மடிப்பைத் திருப்பினால் முந்தின மடிப்பு மறைந்துபோகும். ஆயிரம் பேர் நிற்கிற வியூகத்தில் ஓர் அணியை மறந்தாலும் ஆயிரம் பேரும் காலி. அதனால் யிம் எதையும் முதலில் நடந்து பார்ப்பாள். கால் பெருவிரல் முன்னணிப் படை. குதிகால் கடைசிப் படை. முட்டி இரண்டும் இரு பக்கப் படைகள். தோள் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் படை திரும்புகிறது. மெதுவாக, பலகை கிறீச்சிட, கூடத்தின் நான்கு மூலைக்கும் நடந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்து எழுதுவாள்.

அவள் தம்பிக்கு மான் என்று பெயர். அவன் இதைப் பார்த்துவிட்டால் போதும், சும்மா இருக்க மாட்டான். மான் நாற்பது போர்ப்படகுகளுக்குத் தலைவன். அக்காவைப் பார்க்க வந்தால் ஜன்னல் கட்டையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டுவான்.

"அக்கா, அரசர் உன்னை எழுதத்தானே வச்சாரு? ஆட வச்ச மாதிரியில்ல இருக்கு."

"வாயை மூடுடா. எண்ணிக்கை விட்டுப்போகும்."

"பெருவிரல் அழுத்தி நிக்குது, முட்டி ரெண்டும் வெளிய போகுது... இது யானை. சரியா?"

"பாக்காதடான்னா. போர் வர்றவரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது."

"நான் எங்க புத்தகத்தைப் பாத்தேன்? எங்க அக்கா காலைத்தானே பாத்தேன். அதுக்கும் அரசர் தடை போட்டுட்டாரா?"

அப்போது உத்தரத்திலிருந்து ஒரு குரல் கேட்கும். "யானைக்கு இடது முட்டி முதல்ல. வலது முதல்ல இல்லை. தப்பு, அம்மணி, தப்பு."

அதுதான் தோக்கே. முழங்கை நீளப் பல்லி. சாம்பல் உடம்பில் செம்புள்ளி. கூடத்தைக் கட்டிய நாளிலிருந்து உத்தரத்தில் குடியிருந்து, புத்தகத்தை அரிக்க வரும் பூச்சியைத் தின்று, கீழே எழுதுவதையெல்லாம் தலைகீழாகத் தொங்கியபடி வாசித்து, வரி பிசகாமல் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது. அதற்குப் பொய் சொல்ல வராது. பிறர் தப்பாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளவும் வராது. சாப்பாட்டை விட்டுவிட்டுத் திருத்தும்.

"உனக்கு ஒரு கல்யாணம் பண்ணி வைக்கணும்டா தோக்கே. அப்பத்தான் தப்பைப் பாத்தும் பேசாம இருக்கக் கத்துக்குவ" என்பான் மான்.

"என் பேரு தோக்கே. எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லுவேன்" என்று அது விறைப்பாகப் பதில் சொல்லும்.

இப்படி இருக்கையில் மேற்கிலிருந்து படை வருகிறது என்று செய்தி வந்தது. இருநூறு படகு. தலைவன் பெயர் மின்ஜா. அரசரின் பெரும்படை வடக்கே போயிருந்தது, திரும்ப இன்னும் நான்கு நாள் ஆகும். அதுவரை ஆற்றுக்கு இருந்தது மானின் நாற்பது படகுதான். அவன் அவற்றை எதிர்க்கரை நாணலுக்குள் கொண்டுபோய் மறைத்தான். அடுத்த நாள் காலையில் புத்தகத்திலிருந்து ஒரு வியூகத்தைச் சொல்லி அனுப்புவதாக ஏற்பாடு.

நாற்பதை வைத்து இருநூறை எதிர்க்க என்ன வியூகம் என்று யிம்முக்குத் தெரியவில்லை. அன்று பிற்பகல் முதலை வந்தது.

அதுவரை அது வந்ததே இல்லை. பாலத்தின்மேல் பாதி உடம்பும் தண்ணீரில் பாதி உடம்புமாகக் கிடந்து பேசியது. வாய் பெரிது, பேச்சு குறைவு.

"நேரா வருவேன். அப்புறம் பயந்து ஓடற மாதிரி திரும்புவேன். எதிரி துரத்துவான். என் வால் நுனியைப் பிடிப்பான். பிடிச்சாத்தான் நிப்பான். நின்னாத்தான் நான் சுத்தி வீச முடியும்."

"அப்ப வால் நுனி?"

"அது போயிடும்."

"திரும்ப முளைக்குமா?"

"நான் பல்லி இல்லை" என்றது முதலை. மேலே தோக்கே தொண்டையைச் செருமிக்கொண்டது.

யிம் மாக்கல் குச்சியை விரல்களுக்குள் உருட்டினாள். "நுனி போகாம இதை எழுத வழி இல்லையா?"

"எழுதலாம். ஆத்துல செல்லாது."

சொல்லிவிட்டு முதலை சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

யிம் எழுந்து நடந்து பார்த்தாள். மூன்று அடி முன்னே. தோளைத் திருப்பி மூன்று அடி பின்னே. பிறகு ஒரு காலைத் தூக்கி, குதிகாலை மட்டும் தனியாகப் பின்னால் ஊன்றி, அதை அங்கேயே விட்டுவிட்டு மற்ற உடம்பு முழுவதும் சுற்றி வர வேண்டும். குதிகால் கடைசிப் படகு. சயாம் படகுப்படையில் தலைவன் நிற்பது எப்போதும் கடைசிப் படகில்தான். முன்னே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்று அப்படி ஒரு வழக்கம். "நான் தூங்குமூஞ்சி, எழுந்து வர நேரமாகும், அதான் எனக்குக் கடைசிப் படகு" என்று மான் சொல்லிக்கொள்வான்.

அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு முதலை சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள். தோக்கே கீழே இறங்கிவந்து ஒரு தடவை வாசித்தது. தப்பு என்று சொல்லவில்லை.

மறுநாள், ஆள் அனுப்புவதற்கு முன்பே மின்ஜா வந்துவிட்டான். காலைக் கஞ்சி அடுப்பில் இருக்கும்போதே கரை அவன் கைக்குப் போயிற்று. காவலுக்கு நின்றவர்கள் பாலத்திலேயே விழுந்தார்கள். மின்ஜா கூடத்துக்குள் வந்தபோது யிம் போர்ப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓடுவதற்கு இடம் இல்லை.

மின்ஜா அவசரப்படாதவன். தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஜன்னல் வழியாக எதிர்க்கரையைக் காட்டினான். ஆறு அந்த இடத்தில் குறுகல். நாணலில் நிற்கும் கொக்கு கால் மாற்றி வைப்பதுகூட இங்கிருந்து தெரியும்.

"அந்த நாணலுக்குள்ள உங்க படகு இருக்குன்னு எனக்குத் தெரியும். உச்சிப் பொழுதுல கடல் ஏத்தம் வரும். தண்ணி ஏறினாத்தான் அதுங்க வெளிய வர முடியும். வந்து என்ன பண்ணும்? அதைப் படி."

யிம் எதிர்க்கரையைப் பார்த்தாள். செய்தி கிடைக்காவிட்டால் தம்பி என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர் ஏறியதும் நேராகப் பாய்வான். நாற்பது படகும் இருநூறுக்கு நடுவில் போய் மாட்டும். ஆள் ஒருவன் மிஞ்சமாட்டான்.

மின்ஜாவின் ஆட்கள் யாருக்கும் அந்த எழுத்து தெரியாது. யிம் கடைசி மடிப்பை விரித்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசித்தாள்.

"நண்டு வியூகம். நாற்பது படகும் பக்கவாட்டில் நகர்ந்து, தெற்கே போய்..."

"தப்பு!" என்றது உத்தரம்.

யிம் வாசிப்பை நிறுத்தினாள்.

"தப்பு, அம்மணி. நண்டு ஆறாவது மடிப்பு. இது முதலை..." தோக்கே பாதியில் நிறுத்தியது. வாயிலிருந்து வந்துவிட்டதை அதுவே அப்போதுதான் கேட்ட மாதிரி இருந்தது. செம்புள்ளியெல்லாம் வெளுத்துப்போயின.

மின்ஜா அண்ணாந்து பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "அடடா. படிக்க ஓர் ஆளு, திருத்த ஓர் ஆளு. இவ்வளவு வசதி எங்க ஊர்லகூட இல்லையே." சிரிப்பு நின்றது. "எழுத்துக்காரி, மறுபடி படி. ஒரு சொல் மாறினாலும் பல்லி சொல்லிடும். அப்புறம் உன் விரல் ஒவ்வொண்ணாப் போகும்."

இரண்டு வீரர்கள் அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள். யிம் மேலே பார்த்தாள். தோக்கே அவள் பார்வையைத் தவிர்த்தது.

வாசித்தால் முதலை வியூகம் எதிரிக்குப் போகும். பொய் சொன்னால் தோக்கே காட்டிக்கொடுத்துவிடும், வாயைக் கட்ட அதற்கு வராது. வாசிக்காவிட்டால் வேறு எங்கிருந்தாவது வாசிக்கத் தெரிந்தவனைப் பிடித்துவந்து வாசிக்கவைப்பார்கள். ஜன்னல் ஓரத்தில் மாக்கல் குச்சி நனைக்கிற பெரிய தண்ணீர்ச் சாடி இருந்தது.

"வெளிச்சம் பத்தலை. ஜன்னல்கிட்ட வந்து படிக்கிறேன்" என்றாள். எழுந்தாள். இரண்டடி வைத்தாள். புத்தகத்தை இரண்டு கையாலும் சாடிக்குள் அமுக்கினாள்.

வீரர்கள் அவளைப் பிடித்து இழுப்பதற்குள் அவள் முழங்கைவரை உள்ளே போயிருந்தாள். ஒருவன் வாள் பிடியால் அவள் முதுகில் அடித்தான். அவள் விடவில்லை. இன்னொருவன் சாடியையே உருட்டினான். தண்ணீர் பலகை முழுக்க ஓடியது. பால் கலந்த மாதிரி வெள்ளைத் தண்ணீர். யானையும் பருந்தும் நண்டும் முதலையும் பலகை இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஆற்றில் விழுந்தன. கையில் மிஞ்சியது ஊறிப்போன கறுப்புத் தாள்.

மின்ஜா அந்தத் தாளைக் காலால் புரட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. அண்ணாந்தான்.

"நல்லவேளை, இன்னொரு பிரதி மேல தொங்குது. பல்லி, நீ சொல்லு. கடைசி மடிப்புல என்ன இருந்துது?"

அதற்குப் பொய் வராது என்று யிம்முக்குத் தெரியும். அதற்குத் தெரிந்ததை அது சொல்லும். சொல்லாமல் அதனால் இருக்க முடியாது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தோக்கே வாயைத் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"தோக்கே" என்றது.

"உன் பேரைக் கேக்கலை. மடிப்புல என்ன?"

"தோக்கே."

மின்ஜா கைகாட்டினான். ஒருவன் ஈட்டியை உத்தரத்தில் குத்தினான். வால் துண்டாகி விழுந்து பலகையில் துள்ளியது. யிம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"முதலைன்னு சொன்னியே. முதலை என்ன பண்ணும்?"

"தோக்கே."

பொய் இல்லாத ஒரே பதில் அதுதான். அதைப் பிடித்துக்கொண்டு அது தொங்கியது. மின்ஜா நான்காவது தடவை கேட்டான், ஐந்தாவது தடவை கேட்டான். ஒவ்வொரு தடவையும் அதே பெயர்தான் வந்தது. ஆறாவது தடவை குரல் இறங்கியிருந்தது. ஏழாவது தடவை காற்று மட்டும்தான் வந்தது. அத்தனை வருஷம் மனப்பாடம் பண்ணியதையெல்லாம் ஒரு பெயருக்கு அடியில் போட்டு அமுக்கியதில், மற்ற எல்லாச் சொல்லும் உள்ளேயே நசுங்கிப்போயிற்று. அதற்கப்புறம் தோக்கேவுக்கு வேறு பேச்சே வரவில்லை. இன்றைக்கும் அந்த நாட்டு வீட்டுக் கூரைகளில் அது தன் பெயரைத்தான் சொல்கிறது. முதலில் உரக்கச் சொல்லி, போகப் போகக் குரல் தேய்ந்து நிறுத்திக்கொள்கிறது.

மின்ஜா ஜன்னல் பக்கம் போனான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"நாணலுக்குள்ள இருக்கிறவன் யாரு?" என்றான் திரும்பாமலே.

பிடிபட்ட சமையல்காரன் ஒருவன் மூலையிலிருந்து அழுதபடி சொல்லிவிட்டான். "இவங்க தம்பி, சாமி. கூடப்பிறந்த தம்பி."

"அப்ப வியூகம் எதுக்கு?" என்றான் மின்ஜா. "இவளைக் கொண்டுபோய்ப் படித்துறை மேடையில நிறுத்துங்க. எதிர்க்கரைக்கு நல்லாத் தெரியணும். கையில வாளைக் கொடுங்க. போர்ப் புத்தகம் வச்சிருந்தவளை ஆடு மாதிரி வெட்டக் கூடாது, முறை ஒண்ணு இருக்கு. கியோ எதிர்ல நிக்கட்டும். அக்கா தலை விழறதைப் பாத்தா எவன் நாணலுக்குள்ள இருப்பான்? நேரா வருவான். வரட்டும்."

படித்துறை மேடை அகலமானது. மேடைக்குக் கீழே நூறு படகில் வீரர்கள் தயாராக இருந்தார்கள். மீதி நூறு வளைவில் மறைந்திருந்தது. கியோ என்கிற வாள்வீரன் இரண்டு கையிலும் வாளோடு வந்து நின்றான். ஆறடி உயரம். யிம்மைப் பார்த்துவிட்டுத் தன் தலைவனைப் பார்த்தான்.

"இதுவா? இவங்களுக்கு வாளைப் பிடிக்கவே தெரியலையே. கட்டை விரலை வெளிய வச்சிருக்காங்க."

"நீ வெட்டு. பாடம் நடத்த வேண்டாம்" என்றான் மின்ஜா.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நாணலின் அடித்தண்டு முழுகியிருந்தது. யிம் எதிர்க்கரையைப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. அங்கே அவன் இருக்கிறான். அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இன்னும் கொஞ்ச நேரத்தில் படகு மிதக்கும். மிதந்ததும் பாய்வான்.

கத்திச் சொல்லலாம். கத்தினால் நூறு படகுக்கும் கேட்கும்.

அப்போதுதான் அவளுக்குத் தன் கால் நினைவுக்கு வந்தது.

"குருவை வணங்கணும்" என்றாள்.

கியோ உடனே வாளைத் தாழ்த்தினான். இரண்டு தேசத்துக்கும் அது பொது வழக்கம். ஆயுதம் எடுப்பதற்கு முன் தனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களை வணங்குகிறவனை அந்தப் பக்கத்தில் யாரும் தடுக்கமாட்டார்கள். வணக்கம் முடிகிறவரை வெட்டவும் மாட்டார்கள்.

"எத்தனை குரு?" என்றான் மின்ஜா.

"யானை, பருந்து, நண்டு, முதலை."

படகுகளில் சிரிப்பு எழுந்தது. மின்ஜாவும் சிரித்தான். "நிதானமா வணங்கு. நேரம் ஆக ஆக உன் தம்பிக்கு ரத்தம் கொதிக்கும். எனக்கு நல்லதுதான்." மேளக்காரனைப் பார்த்துக் கைகாட்டினான். "டேய், வாசி. சாவுறவங்க சும்மா போக வேண்டாம்."

மேளம் மெதுவாகத் தொடங்கியது. கூடவே குழலும் சேர்ந்தது. யிம் நான்கு திசைக்கும் மண்டியிட்டு வணங்கினாள். பிறகு எழுந்தாள். வாளைத் தோளோடு சாய்த்துக்கொண்டாள். யானையை நடந்தாள். இடது முட்டி முதலில். மெதுவாக, ஆறு தாண்டித் தெரிகிற அளவுக்கு மெதுவாக. பருந்தை நடந்தாள். நண்டை நடந்தாள். இவையெல்லாம் அவன் பார்த்தவை, அவனுக்குப் படிக்க வருபவை. 'நான் ஆடலை, எழுதறேன், பாருடா, என் காலைப் பாருடா' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

பிறகு முதலை. அவன் பார்க்காத வியூகம்.

மூன்று அடி முன்னே வைத்தாள். பெருவிரலை அழுத்தி ஊன்றினாள். தோளைத் திருப்பினாள். மூன்று அடி பின்னே வைத்தாள். ஓடுகிறவள் மாதிரி தலையைத் தாழ்த்தினாள். படகில் ஒருவன் "பயந்துட்டா!" என்று கத்தினான். மேளம் அடித்துக்கொண்டே இருந்தது.

வலது காலைத் தூக்கினாள்.

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

குதிகாலைப் பின்னால் தனியாக ஊன்ற வேண்டும். அந்தக் குதிகால் ஒரு படகு. அந்தப் படகில் ஆறு பேரும் அவனும் இருக்கிறார்கள். அவனைச் சின்ன வயசில் இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவள் அவள். சளி பிடித்தால் அவன் மூக்கை உறிஞ்சி எடுத்தவள். பாதத்தை மட்டும் சமமாக வைத்துவிட்டால் போதும், எல்லாப் படகும் சேர்ந்து ஓடுவதாக ஆகிவிடும். குதிகால் தனித்து நிற்காது. தப்பு என்று கத்த மேலே இப்போது யாரும் இல்லை. ஆனால் அப்படி ஓடினால் எதிரி நிற்கமாட்டான். துரத்திப் போய்க் கரைச் சேற்றில் வைத்து நாற்பதையும் முடிப்பான்.

இறக்கப் போனாள். மறுபடி உயர்த்தினாள். மேளக்காரன் அது ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்து அடியை இழுத்தான். மறுபடி இறக்கப் போனாள். மறுபடி உயர்த்தினாள். கியோ வாளைத் தாழ்த்தியபடியே நின்றான். அவன் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிர்க்கரையில் நாணலுக்கு மேலே ஒரு துடுப்பின் நுனி தெரிந்தது. அது சும்மா நின்றது. பிறகு தண்ணீரில் ஓர் அடி அடித்தது. நேரமாகிறது என்று அலுத்துக்கொள்கிறவன் அடிக்கிற மாதிரி இருந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கால் எதற்காக நிற்கிறது என்பதும் புரிந்துவிட்டது. காலை வை அக்கா என்கிறான்.

யிம் குதிகாலை ஊன்றினாள். அதை அங்கேயே விட்டு, மற்ற உடம்பு முழுவதையும் சுற்றி வீசினாள்.

நாணல் பிளந்தது. படகுகள் நேராக வந்தன. மின்ஜா எதிர்பார்த்தபடியே வந்தன. அவன் கையை உயர்த்தினான். அதற்குள் பாதி ஆற்றில் அவை திரும்பின. துடுப்புகள் தாறுமாறாக அடித்துக்கொண்டன, கத்தல் கேட்டது, ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு ஓடுகிறவர்கள் மாதிரி இருந்தது. "ஓடறானுங்க! பிடி, பிடி!" என்று கரையே கத்தியது. நூறு படகும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாய்ந்தன. வளைவில் மறைந்திருந்த நூறும் பொறுக்கமுடியாமல் வெளியே வந்தது.

கடைசிப் படகு மட்டும் ஓடவில்லை. நடு ஆற்றில் குறுக்கே திரும்பி நின்றது. அதில் ஒருவன் எழுந்து நின்றான்.

எதிரிகள் அதன்மேல் விழுந்தார்கள். முதலில் போன பத்துப் படகு அதைச் சுற்றி நின்றது. பின்னால் வந்தவை அந்தப் பத்தின்மேல் மோதி நின்றன. ஆறு அடைத்துக்கொண்டது. அந்த நேரத்தில் ஓடிய முப்பத்தொன்பதும் இரண்டு பக்கமும் சுற்றி வந்து வால் மாதிரி வீசின. நிற்கிற படகை இடிப்பது எளிது. இருநூறு படகுக்கு நகர இடம் இல்லை. ஏற்றத் தண்ணீரின் இழுப்பும் சேர்ந்துகொண்டது.

கரையில் மின்ஜா கத்திய கத்தல் எதுவும் ஆற்றுக்குக் கேட்கவில்லை. கடைசியில் அவனே ஒரு படகில் குதித்துப் போனான். அவன் திரும்பி வரவில்லை.

மேடையில் யிம்மும் கியோவும் நின்றார்கள். மேளக்காரன் குச்சியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான்.

"வணக்கம் முடிஞ்சுதா?" என்று கேட்டான் கியோ.

யிம்முக்குக் காதில் விழவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஆளுங்க ஆயிரக்கணக்குல அங்க சாவுறாங்க. அத்தனையும் உங்க ஒரு காலு பண்ணின வேலை" என்றான். குரலில் கோபம் இருந்தது. வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. "அந்தக் கடைசிப் படகு. அதுலதான் அவனா?"

அவள் தலையசைத்தாள்.

கியோ இரண்டு வாளையும் உறையில் போட்டான். மேற்கே நடந்து போய்விட்டான்.

சாயங்காலம் முப்பத்தொன்பது படகு கரைக்கு வந்தது. கடைசிப் படகின் பலகைகூட அகப்படவில்லை. வந்தவர்கள் யிம்மிடம் பேசப் பயந்தார்கள். ஒருவன் மட்டும் சொன்னான். "அவருதான் எங்களுக்குச் சொன்னாரு. 'எங்க அக்கா கால்ல எழுதியிருக்கா, நீங்கள்லாம் ஓடுங்க, குதிகால் நான்'னு சொன்னாரு. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாரு. 'பாவம் அக்கா, காலை வைக்க மாட்டேங்குறா பாரு'ன்னாரு."

நான்கு நாள் கழித்து அரசர் வந்தார். புதிதாகச் செய்த கறுப்புப் புத்தகத்தையும் ஒரு பிடி மாக்கல் குச்சியையும் அவள் முன்னே வைத்தார். யானையை எழுதினாள், பருந்தை எழுதினாள், நண்டை எழுதினாள். அதற்குமேல் கை போகவில்லை.

"முதலையையும் எழுதம்மா. அதுதானே தேசத்தைக் காப்பாத்துச்சு" என்றார் அரசர்.

"எழுதினா வாசிக்கிறவங்களுக்கு அது வெறும் ஒரு வரிதான், அரசே. கடைசிப் படகு நிற்கும்னு வாசிச்சிட்டு அடுத்த மடிப்பைத் திருப்பிடுவாங்க." குச்சியைக் கீழே வைத்தாள். "ஆளுங்களை அனுப்புங்க. நடந்து காட்டுறேன்."

அரசர் புத்தகத்தை மூடினார். பிறகு ஆட்களை அனுப்பினார். வாள்காரர்கள் வந்தார்கள், வெறுங்கையால் குத்தும் உதையும் போடுகிறவர்களும் வந்தார்கள். யிம் அவர்களுக்கு நான்கையும் நடந்து காட்டினாள். முதலைக்கு வரும்போது அவளுடைய கால் ஒவ்வொரு தடவையும் அந்தரத்தில் நின்றது. இறக்கப் போய் மறுபடி உயர்ந்தது. வீரர்கள் அதையும் பாடம் என்று எடுத்துக்கொண்டு அப்படியே செய்தார்கள். அவள் திருத்தவில்லை.

அன்றிலிருந்துதான், அந்தத் தேசத்தில் சண்டைக்கு இறங்குகிறவன் எதிராளியைத் தொடுவதற்கு முன்னால் மேளத்துக்கும் குழலுக்கும் மெதுவாக ஓர் ஆட்டம் ஆடுகிறான். தூக்கிய காலை உடனே கீழே வைப்பதில்லை.